உபயம் எழுதாத உபயதாரர்கள்

தாமிரபரணியின் இருகரையிலும் உள்ள எந்தக் கோயிலுக்குள் நுழைந்தாலும், மண்டபத்தில் எரிகிற குழல்விளக்கின் மேலும், சுழலுகிற மின்விசிறியின் இறக்கையிலும், மடைப்பள்ளி வாசலில் கவிழ்த்து வைத்திருக்கும் அண்டாவின் கழுத்திலும், 'உபயம்' என்ற சொல்லும் அதனடியில் ஒரு பெயரும் ஓர் ஊரும் எழுதியிருக்கக் காணலாம். நந்தாவிளக்குக்கு இத்தனை ஆடு, திருவமுதுக்கு இத்தனை மா நிலம் என்று, கொடுத்தவன் பெயரையும் கொடுத்த அளவையும் எதற்காகக் கொடுத்தான் என்பதையும் கல்லில் வெட்டி, வழிப்போக்கனும் படிக்கும்படி சுவரில் நிறுத்திய பாண்டியர் காலந்தொட்டே, கொடை என்பது நம் நாட்டில் நாலுபேர் அறிய நடக்கிற காரியமாக இருந்து வந்திருக்கிறது. பெயரை எழுதிக்கொள்வதில் சிறிது தற்பெருமை கலந்திருக்கலாம். ஆனால் அதில் ஒரு பெரிய சௌகரியமும் உண்டு. கொடுத்தவன் நாளை கோயில் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டுவந்து நின்றால், அவன் யார், என்ன கொடுத்தவன் என்று ஊருக்குத் தெரியும்.

ஆழ்வார்திருநகரியில் பிறந்து, இந்த எழுத்துகளையே முதற்பாடப் புத்தகமாகக் கொண்டு வளர்ந்தவனாகிய எனக்கு, அரசியல் கட்சிகளுக்குக் கோடி கோடியாகக் கொடுத்தவர்கள் தங்கள் பெயர் வெளியே தெரியலாகாது என்று விரும்பினார்கள் என்பதும், அந்த விருப்பத்துக்கு இணங்கி நாட்டின் பாராளுமன்றமே வழிசெய்து கொடுத்தது என்பதும், ஆறு வருஷகாலம் அந்த ஏற்பாடு செல்லுபடியாகி நடந்தது என்பதும் இன்றுவரை மனத்தை உறுத்துகிற விஷயங்கள். 2017-ஆம் வருஷத்து நிதிச் சட்டத்தின் வழியாக வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தையே சொல்கிறேன். 2018 மார்ச் முதல் 2024 ஜனவரி வரை 16,518 கோடி ரூபாய்க்கு இப்பத்திரங்கள் விற்பனையாயின. ஆயிரம் ரூபாய்க்கும் பத்திரம் உண்டு, ஒரு கோடி ரூபாய்க்கும் உண்டு என்று வைத்திருந்தார்கள். தொகையில் மிகப்பெரும் பங்கு ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களாகவே போயிற்று. ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வாங்கக் கூடிய சாமானியனுக்கு அந்த ரகசியத்தால் ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல ஒரு கணக்கும் வேண்டியதில்லை.

2024 பிப்ரவரி 15-ஆம் தேதி, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்த சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு இத்திட்டத்தை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தள்ளி, வாங்கியவர் யார், பெற்றவர் யார் என்ற விவரத்தை வெளியிட உத்தரவிட்டது. விவரம் தர ஜூன் மாதக் கடைசிவரை அவகாசம் வேண்டும் என்று பாரத ஸ்டேட் வங்கி கேட்டதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. மார்ச்சு நடுவில் பட்டியல் வெளியாயிற்று. அந்த நாட்களில் ஒரு காலைப்பொழுது, எங்கள் ஊர்த் தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பத்திரிகையில் வந்த பட்டியலை நான் உரக்கப் படிக்க, பக்கத்தில் ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் ஏத்தன் வாழையுமாகக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர், எழுபதைத் தாண்டியவர், முதல் ஓட்டை 1971-இல் போட்டவர். கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஃப்யூச்சர் கேமிங் என்ற லாட்டரிக் கம்பெனி 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருப்பதையும், அதில் திரிணமூல் காங்கிரஸுக்கு 500 கோடிக்கு மேலும், பாரதிய ஜனதாவுக்கு 100 கோடியும், காங்கிரஸுக்கு 50 கோடியும் போயிருப்பதையும், லாட்டரிச் சீட்டு விற்பனையே 2003-ஆம் வருஷம் முதல் தடைசெய்யப்பட்டிருக்கிற நம் தமிழ்நாட்டில் தி.மு.க. அக்கம்பெனியிடமிருந்து 509 கோடி பெற்றதாகத் தானே அறிவித்திருப்பதையும் படித்து முடித்தேன். பெரியவர் சிறிதுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரே ஆளு எல்லாப் பக்கமும் குடுத்திருக்கானே தம்பி, அப்போ அவன் ஓட்டை எந்தப் பக்கம் போடுவான்?" என்று கேட்டார்.

"அது அவங்களுக்கு முக்கியமே இல்ல, அண்ணாச்சி" என்றேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்த பதில் அது. ஆனால் அவருடைய கேள்வி அதைவிட ஆழமானது என்று பின்னால் தோன்றிற்று. தனவந்தர் ஒரு கட்சியைத் தேர்ந்துகொள்வதும் சாமானியப் பிரஜை ஒரு கட்சியைத் தேர்ந்துகொள்வதும் பெயரளவில் ஒன்றாயினும் ஒரே ஜாதிக் காரியம்தானா என்பதே அதன் உட்கிடை.

இதற்கு விடை தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. எங்கள் ஊரிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரப் பிரயாணத்தில் இருக்கிற தூத்துக்குடியிலேயே, முதலீடும் அரசியலும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்ட ஒரு சரித்திரம் நடந்திருக்கிறது. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சர்க்காரின் முகம் கடுக்கும் என்று தெரிந்தும் கொடுத்தார்கள், பலர் தேசபக்தியாலேயே கொடுத்தார்கள். ஆனால் 1908 பிப்ரவரிக் கடைசியில், அதே சிதம்பரம் பிள்ளை கோரல் மில் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கி, கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் பெற்றுத் தந்து, ஊர்வலமும் கூட்டமும் சுதந்திரப் பேச்சுமாகத் தீவிரப்பட்டபோது, கம்பெனியைச் சேர்ந்த செல்வர்களில் ஒரு சாரார், அரசியலைக் கம்பெனியோடு சேர்க்காதீர் என்று அவரை நெருக்கத் தொடங்கினார்கள். மார்ச்சு 12-இல் அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி எழுந்தது. கடைகள் அடைக்கப்பட்டன, முனிசிபல் ஆபீஸ் தீப்பற்றியது, துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் போயின. தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளிகள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். அவர் சிறையில் செக்கிழுத்துக் கொண்டிருந்த காலத்திலே கம்பெனி நலிந்து கலைந்தது.

இதிலே நான் உற்றுநோக்குகிற ஒரு சிறு செய்தி உண்டு. சுதேசிக் கப்பலை ஒழிப்பதற்காக வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கட்டணமில்லாமலே ஏற்றிச்செல்வதாகவும் கூடவே ஒரு குடை இலவசமாகத் தருவதாகவும் அறிவித்தது என்று வ.உ.சி.யின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பார்கள். இலவசத்தைக் காட்டினால் ஏழை எந்தப் பக்கமும் சாய்வான் என்று இன்று சர்வசாதாரணமாகப் பேசுகிற படித்தவர்கள், கொழும்புக்குப் போகிற கூலிக்காரனும் சில்லறை வியாபாரியும் குடையை வேண்டாமென்று விட்டு, காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறிய அந்த நாட்களைச் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டும். லாபநஷ்டக் கணக்கில் தோற்கிற பக்கம் இதுதான் என்று தெரிந்தும் அதிலேயே நின்றவர்கள் அவர்கள். நஷ்டத்தின் முதல் அறிகுறி தென்பட்டதும் கையைச் சுருட்டிக்கொள்ள முயன்றது பணம்.

அதன் பின் வந்த சரித்திரமும் பெரும்பாலும் இந்த வழியே போயிற்று. 1920 முதல் பதினேழு வருஷ காலத்தில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தை ஆண்ட ஜஸ்டிஸ் கட்சியில் ஜமீன்தார்களும் ராஜாக்களும் பெருந்தனவந்தர்களும் நிறைந்திருந்தார்கள். சொத்தும் வரியும் உள்ளவர்க்கே ஓட்டு என்றிருந்த காலம் அது. அப்படியிருந்தும், 1937 தேர்தலில் காங்கிரஸ் மஞ்சள் பெட்டியைக் காட்டி ஓட்டுக் கேட்டது. 215 இடங்களில் 159-ஐ வென்றது. பொப்பிலி ராஜா சொந்தச் சீமையிலேயே வி.வி. கிரியிடம் தோற்றார். மஞ்சள் நம் வீட்டில் மங்கலத்தின் நிறம். காந்தி என்ற பெயரோடு அது சேர்ந்தபோது, எந்த ஜமீன் பொக்கிஷத்தாலும் அதை ஈடுகட்ட முடியவில்லை.

1967-ஐப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். சுதந்திரத்துக்குப் பின் இருபது வருஷம் ஆண்ட காங்கிரஸிடம் ஆலை முதலாளிகளும் பஸ் முதலாளிகளும் வந்து சேர்ந்திருந்தார்கள். எதிரே நின்ற தி.மு.க.வுக்குத் தேர்தல் நிதி 10 லட்சம் வேண்டும் என்று அண்ணா கேட்க, கருணாநிதி ஊர் ஊராகப் போய் 11 லட்சம் திரட்டிக் கொடுத்தார். சைதாப்பேட்டை வேட்பாளர் பெயரை அறிவிக்கும்போது அண்ணா அந்தத் தொகையின் பெயராலேயே மேடையில் அறிவித்தார் என்பது தமிழ்நாடு அறிந்த கதை. தொகையையே வேட்பாளரின் பெயராக மேடையில் சொல்ல அன்று ஒரு தலைவருக்குக் கூச்சமில்லை. ஏனென்றால் அது தொண்டர்கள் அலைந்து சேர்த்த பணம். இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின் காயமும், அரிசிப் பஞ்சமும், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியும் சேர்ந்து, தி.மு.க.வுக்கு 137 இடங்களைக் கொடுத்தன. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட்டவரை ஜனங்கள் தோற்கடித்தார்களே என்று நான் சிறுவயதில் கேட்டு வருந்தியதுண்டு, இன்றும் வருந்துகிறேன். ஆனால் அந்த ஓட்டைப் போட்டவர்கள் கூலிக்கோ குடைக்கோ போடவில்லை, உலையில் அரிசி இல்லாத கோபத்தைப் போட்டார்கள் என்பதை மறுக்க எனக்கு மனமில்லை.

அந்த 11 லட்சத்தையும், அதே கட்சி தேர்தல் பத்திரங்களாகப் பெற்றதாக அறிவித்த 656 கோடியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவர்க்கு, இந்த அரை நூற்றாண்டில் என்ன நடந்தது என்பது விளங்கும். தி.மு.க.வை மட்டும் குறித்துச் சொல்வதாக யாரும் கொள்ளவேண்டாம். பாரதிய ஜனதா அதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் பெற்றது, காங்கிரஸும் திரிணமூலும் ஆயிரம் கோடிக்கு மேல் பெற்றன. பத்திரப் பணம் வேண்டாம் என்று மறுத்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியே நீதிமன்றத்தில் வாதிகளில் ஒன்றாக நின்றது.

கட்சிகள் என்பவை உண்மையில் பெரும் முதலீட்டாளர்களின் கூட்டணிகளே, ஓட்டர்கள் வெறும் பார்வையாளர்கள் என்று அமெரிக்க அறிஞர் தாமஸ் ஃபெர்குசன் ஒரு சித்தாந்தம் நிறுவினார். 1995-இல் அதை விரித்து நூலாகவும் வெளியிட்டார். 2010-இல் கம்பெனிகளின் தேர்தல் செலவுக்கு வரம்பே கூடாது என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த பிறகு, அவர் சொன்னது அங்கே இன்னும் பொருந்துகிறது எனலாம். ஆனால் தமிழ்நாட்டின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதிதான் சரி என்பது என் அபிப்பிராயம். 1937-இலும் 1967-இலும் பணம் குறைவாக இருந்த பக்கம் வென்றது, தேர்ந்தவர்கள் ஓட்டர்களே. வென்ற மறுவருஷமே பணம் வழிதேடிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. தனவந்தர் தேர்தலுக்கு முன்னால் கட்சியைத் தேர்ந்தெடுப்பவரல்லர். ஜனங்கள் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, அந்தத் தேர்வினால் தமக்கு வரக்கூடிய அபாயத்தைக் கழித்துக்கொள்ளப் பிரீமியம் கட்டுகிறவர். அதனால்தான் அவரால் எல்லாப் பக்கமும் கொடுக்க முடிகிறது. எங்கள் பெரியவருடைய ஓட்டு ஒன்றே ஒன்று, அதைப் பாதிபாதியாக வெட்டமுடியாது. ஒரு பக்கம் போட்டால் மறுபக்கத்தை இழக்கவேண்டும். இழப்பு கலந்திருப்பதாலேயே அது தேர்வாகிறது.

கொள்கைக்காகவே கொடுத்த செல்வர்கள் இருந்ததே இல்லையா என்று கேட்டால், இருந்தார்கள் என்றே சொல்வேன். 1959-இல் ராஜாஜி சென்னையில் சுதந்திராக் கட்சியை அறிவித்து, லைசென்ஸும் பெர்மிட்டும் கோட்டாவும் கொண்டு நடத்துகிற ராஜ்யத்தை எதிர்த்தபோது, தொழிலதிபர் ஜே.ஆர்.டி. டாட்டா, காங்கிரஸுக்குக் கொடுத்துவந்ததை நிறுத்தாமலே, சுதந்திராக் கட்சிக்கும் கொடுக்கப் போவதாக 1961-இல் பிரதமர் நேருவுக்கே கடிதம் எழுதித் தெரிவித்தார். கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அந்தக் கட்சி பலன் தராது என்ற கருத்தில் நேரு பதில் எழுதினார். இரண்டு பெரிய மனிதர்கள் ஒளிவுமறைவில்லாமல் எழுதிக்கொண்ட அந்தக் கடிதங்களை நினைக்கும்போது, அன்று நம் பொதுவாழ்வில் இருந்த ஒரு நாணயம் மனத்தில் வந்து நிற்கிறது. அதற்கும் முன்பே, 1957-இல் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி அரசியல் நன்கொடை கொடுக்க விதி திருத்தம் கேட்டு வந்தபோது, பம்பாய் ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதி சாக்ளா, சட்டத்தில் தடையில்லாததால் அனுமதித்தாலும், இந்த வழக்கம் வளர்ந்து ஒருநாள் ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரித்துவிடக்கூடும் என்று எச்சரித்து, பாராளுமன்றம் இதைக் கவனிக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1969-இல் கம்பெனி நன்கொடை அடியோடு தடுக்கப்பட்டது; தடுத்ததால் பணம் நிற்கவில்லை, பெட்டியில் போயிற்று; 1985-இல் வரம்போடு மறுபடி அனுமதித்தார்கள். மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு ஏழரை என்று இருந்த அந்த வரம்பையும் 2017-இல் எடுத்துவிட்டார்கள். லாபமே காணாத கம்பெனியும் கட்சிக்குக் கொடுக்கலாம் என்றாயிற்று. நஷ்டத்தில் நடக்கிற கடைக்காரன் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பவுன் மொய் எழுதினால், அந்தப் பவுன் யாருடையது என்று நம் ஊரில் கேட்கமாட்டார்களா?

தூத்துக்குடிக்கே திரும்பி வருகிறேன். அங்கே தாமிர உருக்காலை நடத்திய வேதாந்தா குழுமத்தின் கம்பெனிகளிடமிருந்து நன்கொடை பெற்றதன் மூலம் காங்கிரஸ், பாரதிய ஜனதா என்ற இரு கட்சிகளும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியிருக்கின்றன என்று 2014 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. பாராளுமன்றத்தில் எதிரெதிரே உட்கார்ந்து எல்லா விஷயத்திலும் மோதிக்கொள்ளும் அவ்விரு கட்சிகளும் ஒரே வழக்கில் ஒரே பக்கம் நின்ற காட்சி அது. பின்பு நடந்ததைச் சொல்லவே மனம் கூசுகிறது. 2016, 2018 ஆகிய இரு வருஷத்து நிதிச் சட்டங்களுக்குள்ளே ஒரு வரியைச் செருகி, வெளிநாட்டுக் கம்பெனி என்ற சொல்லின் அர்த்தத்தையே முன்தேதியிட்டு மாற்றினார்கள். இரண்டாவது திருத்தம் 1976-ஆம் வருஷம் வரை பின்னோக்கிப் போய், நாற்பது வருஷத்துக் குற்றத்தைக் குற்றமில்லை என்று ஆக்கிற்று. 2018 நிதி மசோதா மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறிற்று. அதே 2018 மே 22-ஆம் தேதி, அந்த ஆலையை மூடவேண்டும் என்று கலெக்டர் ஆபீஸை நோக்கி நடந்த ஜனங்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் மாண்டார்கள். பின்னால் பத்திரப் பட்டியல் வெளியானபோது, வேதாந்தா ஏறக்குறைய 400 கோடி கொடுத்திருப்பதும், அதில் பெரும்பங்கு பாரதிய ஜனதாவுக்கும், அடுத்தது காங்கிரஸுக்கும், அவர்கள் தொழில் நடத்துகிற ஒடிசாவை அன்று ஆண்ட பிஜு ஜனதா தளத்துக்கு ஒரு பங்கும் போயிருப்பதும் தெரிந்தது.

தூத்துக்குடித் தொகுதியின் சாமானிய ஓட்டர் என்ன செய்தார்? 2019 பாராளுமன்றத் தேர்தலில், சுட்ட சர்க்காரின் கூட்டணியை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அந்த ஓட்டில் அந்தப் பதின்மூன்று பேரும் இருந்தார்கள் என்பதை இந்தப் பக்கத்தில் பஸ்ஸில் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் பெரியவரிடம், இதுவரை நீங்கள் எதைப் பார்த்து ஓட்டுப் போட்டீர்கள் என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கட்சிப் பெயர் ஒன்றையும் சொல்லவில்லை, வருஷங்களைச் சொன்னார். பம்புசெட்டுக்குக் கரண்டுக் காசு இல்லை என்று ஆன வருஷம். ரேஷன் அரிசி விலையில்லாமல் வந்த வருஷம். பிசானத்துக்குத் தண்ணீர் வராமல் பயிர் கருகிய வருஷம். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நாள். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பிரயாணிகளுக்குப் பக்கத்துக் கிராமத்தார் சோறாக்கிப் போட்ட நாள். குலை தள்ளியிருந்த வாழை முழுவதும் அவருக்குச் சாய்ந்துவிட்டது. "மொத ரெண்டு நாளு எந்தக் கொடியும் வரல தம்பி. கடக்கரைப் பயலுவதான் போட்டைக் கொண்டாந்தானுவ. மூணா நாளுலருந்து யாரு யாரு வந்தா, யாரு போட்டோவுக்கு வந்தா, யாரு முழங்கா அளவு தண்ணியில எறங்கி வீட்டுக்குள்ள வந்தான்னு எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். வந்த 6,000 ரூபாய் நிவாரணத்தை அவர் பெரிதாகவும் பேசவில்லை, இழிவாகவும் பேசவில்லை. யார் தண்ணீரில் இறங்கினார் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இம்மாதிரி மனிதர்களை 'இலவசத்துக்கு விலைபோகிறவர்கள்' என்று ஒரு வார்த்தையில் தள்ளுகிறவர்கள், உயர்பதவிகளிலும் பத்திரிகைகளிலும் நிறைய இருக்கிறார்கள். ரேஷன் அரிசியும், மதிய உணவும், பெண்களுக்குக் கட்டணமில்லா பஸ்ஸும், பகிரங்கமாக வாக்குறுதி கொடுத்து, சட்டசபையில் நிதி ஒதுக்கி, தகுதியுள்ள எல்லார்க்கும் ஒரே விதமாய், எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேளாமல் கொடுப்பவை. இதைக் கேட்டு ஓட்டுப் போடுவது குற்றமென்றால், வரிச்சலுகையும் நிலமும் கேட்டு நன்கொடை கொடுப்பதற்கு என்ன பெயர் வைப்பது? ஆனால் தேர்தலுக்கு முந்தின இரவில் கவரில் வருகிற நோட்டு வேறு ரகம். அதை நான் ஆதரிக்கமாட்டேன். 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூரிலும் பணப் பட்டுவாடாவின் காரணமாகத் தேர்தலே நிறுத்தப்பட்டது நம் எல்லார்க்கும் தலைகுனிவு. எங்கள் தெருவிலும் ஒரு தேர்தலின்போது ஒரு கட்சியின் ஆள் ஓட்டர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் நாலு, அந்த வீட்டில் மூன்று என்று எண்ணி நீட்டியதை என் கண்ணால் கண்டேன். வாங்க மறுத்த ஒரு விதவைத் தாயிடம், "வாங்கலேன்னா அந்தப் பக்கம்னு நெனப்பாவ ஆச்சி" என்று அவன் சொன்னதையும் காதால் கேட்டேன். அந்தக் குரலில் இருந்த மெல்லிய மிரட்டல் இன்னும் என் செவியில் இருக்கிறது. அந்த நோட்டு எங்கிருந்து வந்தது என்பதை யோசித்தால், கோடி ரூபாய்ப் பத்திரமும் கவரில் வந்த நோட்டும் ஒரே ஊற்றில் பிறந்தவை அல்லவா என்ற சந்தேகத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

அந்த ஆச்சியின் பயத்திலிருந்துதான் நான் சொல்லவந்த விஷயம் பிறக்கிறது. ஓட்டை ரகசியமாக வைத்தது எதற்காக? 1872-இல் இங்கிலாந்தில் ரகசிய ஓட்டுச் சட்டம் வந்ததும், பின்னால் நம் நாட்டில் அது நிலைபெற்றதும், குத்தகைக்காரன் ஓட்டு நிலச்சுவான்தாருக்கும், வேலைக்காரன் ஓட்டு முதலாளிக்கும் தெரியாதிருக்க வேண்டும் என்பதற்காக. பலமில்லாதவனுக்குப் பலமுள்ளவனிடமிருந்து கிடைத்த ஒரு திரை அது. இன்று என்ன ஆகியிருக்கிறது? வாக்குச்சாவடி வாரியாக எண்ணிக்கை வெளியாகிறது. ஆயிரம் பேருக்கு ஒரு சாவடி என்றால், எந்தத் தெரு நமக்குப் போட்டது, எந்தக் குடியிருப்பு போடவில்லை என்பதை ஒவ்வொரு கட்சி ஆபீஸும் பெஞ்சில் விரித்து வைத்துப் படிக்கிறது. தனி ஆளின் ரகசியம் நிற்கிறது. தெருவின் ரகசியம் போய்விட்டது. ஏழைத் தெருவுக்கு இப்படித் திரை கிழிந்திருக்கும்போது, கோடி கொடுத்தவருக்கோ புதிதாக ஒரு திரை தைத்துக் கொடுக்கப்பட்டது. அரசாங்க வங்கிக்குத் தெரியும், கேட்டால் சர்க்காரின் விசாரணை இலாகாக்களுக்குத் தெரியலாம், ஜனங்களுக்கு மட்டும் தெரியாது. நன்கொடையாளரின் அந்தரங்க உரிமை என்று வாதிட்டார்கள். ஆனால் கம்பெனிகள் கொடுக்கிற நன்கொடை முற்றிலும் கைம்மாறு கருதிய வியாபாரம் என்று சொல்லி, ஏழரை சதவீத வரம்பை நீக்கியதையும் சேர்த்தே சுப்ரீம் கோர்ட்டு ரத்துசெய்தது. அந்தத் தீர்ப்பை இந்நாட்டுச் சாமானியப் பிரஜைக்குக் கிடைத்த பெரும் நியாயமாக நான் கருதுகிறேன்.

பத்திரம் போனபின் பணம் நின்றுவிடவில்லை. 2013 முதல் இருந்துவரும் தேர்தல் அறக்கட்டளைகளின் வழியே பெருகி வருகிறது. அவ்வழியில் கணக்காவது வெளியாகிறது. ஆனால் பல கம்பெனிகள் ஒரே குடத்தில் ஊற்ற, அறக்கட்டளை அதைப் பல கட்சிகளுக்கு முகந்து கொடுக்கும்போது, யார் ஊற்றிய தண்ணீர் யார் பாத்திரத்தில் விழுந்தது என்பது கலங்கிவிடுகிறது. கணக்கு வெளியாவதும் வருஷம் முடிந்து மாதங்கள் கழித்தே. கொடுத்த தொகையும் கொடுத்தவர் பெயரும் கொடுத்த வாரத்திலேயே, அந்தந்தத் தொகுதியின் மொழியில், ஓட்டுப் போடுவதற்கு முன்பே வெளியாக வேண்டும். சர்க்காரிடம் குத்தகையோ காண்ட்ராக்டோ லைசென்ஸோ கேட்டு மனு நிலுவையில் உள்ள கம்பெனி, அந்தக் காலத்தில் கொடுக்கவே கூடாது என்று சட்டம் வேண்டும். கட்சிகள் எதுவும் இதைத் தாமாகச் செய்யா. ஆகவே இது ஓட்டர்கள் கேட்கவேண்டிய ஒரு வரம்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியானது எங்களுடைய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. வடகாலும் தென்காலும் சேர்ந்து சுமார் 25,000 ஏக்கருக்கு அதுவே ஆதாரம். அங்கிருந்துதான் தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் தண்ணீர் கொண்டுபோக அமைத்த குழாய்த் திட்டமும் புறப்படுகிறது. இந்தப் பக்கத்தில் எல்லாரும் '20 எம்.ஜி.டி.' என்றே அதைச் சொல்வார்கள். அதைப் பற்றிய வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. ஒரே மதகடியில் ஆலையும் வயலும் நிற்கின்றன. மேலே உத்தரவு போடுகிற கை ஒன்றே. தண்ணீர் குறைந்த ஒரு காலையில் பெரியவரோடு அங்கே போய் நின்றேன். தென்காலின் தலைமடையில் ஷட்டர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அவர் வாய்க்கால் ஓரத்துக் கல்லைக் காட்டினார். பழைய நாளில் தண்ணீர் மட்டம் குறித்த கோடுகள் அதில் இருந்தன. பாசி படிந்து அரைகுறையாகத் தெரிந்தன. வேட்டி நுனியால் அந்தப் பாசியைத் துடைத்துவிட்டு, "இந்தக் கோடு வரைக்கும் நமக்குன்னு எழுதியிருக்கு தம்பி. அவங்களுக்கு எவ்வளவுன்னு எங்க எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். இருவருமாகக் கரையோரம் சிறிது தூரம் நடந்து தேடிப்பார்த்தோம்.